மேல்வயிறு வலி, உப்புசம்: நாலு மாசமா "கேஸ்" தான்னு சொல்றாங்க, நெசமாவே கேஸ்தானா?

தறிக்காரன்மகன் · ஜூன் 3, இரவு 10:50

வணக்கமுங்க. குமாரபாளையம் பக்கமுங்க நாங்க. எங்கம்மாவுக்கு 54 வயசு. மாசி மாசத்துல ஆரம்பிச்சது, நெஞ்சுக்குழிக்குக் கீழ வலி. வலி வர்ற அன்னைக்கு மேல்வயிறு உப்பி, தட்டினா பறை மாதிரி இருக்குதுங்க. பாவாடை நாடாவை அவுத்து விட்டுட்டு செவுத்துல சாஞ்சு உக்காந்துக்குவாங்க. பக்கத்து கிளினிக்ல "கேஸ்தான்மா, காரத்தைக் கொறைங்க"ன்னு பான் 40யும் ஒரு ரோஸ் கலர் சிரப்பும் குடுத்தாங்க. நாலு நாள் நல்லா இருக்கும், மறுக்கா வரும். இதோட மூணு தடவை ஊசி போட்டாச்சு. சக்கரை இல்லீங்க. பிரசருக்கு மாத்திரை உண்டு. முட்டிவலிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் போடற பழக்கமும் உண்டு.

எந்த டாக்டரைப் பார்க்கறது? என்ன டெஸ்ட் எடுக்கறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வைகைக்கரை · ஜூன் 3, இரவு 11:15

அண்ணே, பயப்படாதீங்க, இது வாய்வுதான். ஓமமும் சீரகமும் வறுத்துத் தண்ணியில கொதிக்கவிட்டு, ஒரு சிட்டிகை பெருங்காயம் போட்டு வெறும் வயித்துல குடுங்க. எங்க அப்பத்தா 91 வயசு வரைக்கும் ஒரு இங்கிலீஷ் மாத்திரை தொட்டதில்ல. கிழங்கு, மொச்சை, பட்டாணி எல்லாத்தையும் நிப்பாட்டுங்க. ஒரே வாரந்தான்.

மாத்திரைப்பட்டை · ஜூன் 4, காலை 7:05

நான் இருபது வருஷமா மருந்துக்கடை வெச்சிருக்கேன். தம்பி, அந்த முட்டிவலி மாத்திரை அட்டையை எடுத்துப் பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி ஏதாவது இருந்தா முதல் சந்தேகம் அது மேலதான். இரைப்பையோட உள்தோலைக் காப்பாத்துற பூச்சையே இந்த மாத்திரைகள் குறைச்சிடும். தினமும் போட்டா புண் வரும். வயசானவங்களுக்குச் சில சமயம் வலியே தெரியாது, மலம் தார் மாதிரி கருப்பாப் போகும்போதுதான் தெரியும்.

இன்னொண்ணு. அந்த பான் 40, அதாவது அமிலத்தைக் குறைக்கிற பான்டோபிரசோலை எப்போ சாப்பிடுறாங்க? பாதிப் பேர் சாப்பாடு முடிஞ்சு, ஏப்பம் விட்டுட்டு, அப்புறம் போடுறாங்க. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி போடணும்.

காரம் தின்னதால, கவலைப்பட்டதால அல்சர்னு சொல்றதெல்லாம் பழைய கதை. ஹெலிகோபாக்டர் பைலோரின்னு ஒரு கிருமி. ஆஸ்திரேலியாவுல பேரி மார்ஷல்னு ஒரு டாக்டர் 1984ல அந்தக் கிருமியை வளர்த்த கரைசலைத் தானே குடிச்சுப் பார்த்தார். கொஞ்ச நாள்லயே வாந்தி. உள்ள குழாய் விட்டுப் பார்த்தா இரைப்பை வீங்கிக் கெடக்கு. 2005ல அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு குடுத்தாங்க. அல்சருக்குப் பெரிய காரணம் ரெண்டு: அந்தக் கிருமி, இந்த வலி மாத்திரை. உங்க அம்மாவுக்கு ரெண்டாவது இருக்கு.

வார்டுபத்து · ஜூன் 4, மதியம் 2:40

அறுவை சிகிச்சை வார்டுல 22 வருஷமா ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். "கேஸ்"னு பேர் வெச்சுட்டா அதுக்கப்புறம் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டேங்கிறாங்க. அதுதான் எனக்குக் கோவம். தம்பி, அம்மாகிட்ட இதையெல்லாம் கேட்டு எழுதுங்க.

வலி எந்த நேரத்துல வருது, அன்னைக்கு என்ன சாப்பிட்டாங்க. வந்தா எவ்வளவு நேரம் நிக்குது. விட்டு விட்டு வருதா, இல்ல ஒரே மாதிரி அழுத்திப் பிடிச்சுக்குதா. முதுகுக்கோ தோள்பட்டைக்கோ போகுதா. ஏப்பமோ காத்தோ பிரிஞ்சா குறையுதா. வாந்தி உண்டா. உடம்பு இளைச்சிருக்கா. மலம், மூத்திரம் என்ன கலர். உப்புசம் வந்து போகுதா, இல்ல நாளுக்கு நாள் ஏறிக்கிட்டே வருதா.

விரலால ஒரு இடத்தைக் காட்டச் சொல்லுங்க. உள்ளங்கையால வயித்தையே தடவிக் காட்டுறதும், ஒரு விரலை ஒரே இடத்துல வைக்கிறதும் ஒண்ணு இல்ல.

தறிக்காரன்மகன் · ஜூன் 4, இரவு 9:30

சிஸ்டர், நீங்க கேட்டதுக்கு அப்பறம்தான் நாங்களே யோசிச்சுப் பார்த்தோமுங்க. வலி வந்ததெல்லாம் ராத்திரி பத்து பதினொண்ணுக்குத்தான். முதல் தடவை மச்சான் வீட்டுக் கெடாவெட்டு அன்னைக்கு. அடுத்தது கோயில் பண்டிகையில பலகாரம் சுட்ட அன்னைக்கு. போன வாரம் பரோட்டாவும் சேர்வையும். வந்தா ரெண்டு மூணு மணி நேரம் விடாம புடிச்சுக்குது. ஏப்பம் விட்டாலும் கொறையறதில்லை. வலது தோள்பட்டைக்குக் கீழ, முதுகுல, "யாரோ கட்டை விரலை வெச்சு அமுக்கற மாதிரி" இருக்குதுன்னு சொல்றாங்க. ரெண்டு தடவை வாந்தி. விடியக்காலையில எந்திரிச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி தறி ஓட்டப் போயிடறாங்க. உப்புசமும் வலியோட வந்து வலியோட போயிருதுங்க.

ஒரு விரல் காட்டச் சொன்னேன். நடுவுல வெச்சாங்க, அப்பறம் வலது விலா எலும்புக்குக் கீழ நகர்த்தினாங்க.

வார்டுபத்து · ஜூன் 4, இரவு 10:10

இதைப் படிச்சா எனக்குப் பித்தப்பைதான் ஞாபகம் வருது. நான் டாக்டர் இல்ல, ஆனா இந்தக் கதையை இதே வரிசையில எத்தனை அம்மாக்கள் சொல்லிக் கேட்டிருக்கேன்!

ஈரலுக்கு அடியில ஒட்டிக்கிட்டு இருக்கும் சின்னப் பை. நாற்பது ஐம்பது மில்லி பிடிக்கும், அவ்வளவுதான். ஈரல் சுரக்கிற பித்தநீரைச் சேர்த்து வெச்சு, கொழுப்பு உள்ள சாப்பாடு இறங்கினதும் சுருங்கிப் பீச்சும். உள்ள கல் இருந்து அது வாய்ல போய் அடைச்சுக்கிட்டா, பை சுருங்க முடியாம சுருங்கும். அந்த வலிதான் இது. கெடாக்கறி சாப்பிட்ட ராத்திரி வர்றதுக்கு அர்த்தம் அதுதான். கல் நகர்ந்துட்டா வலி சட்டுனு போயிடும், ஊசி போட்டதால போச்சுன்னு நாம நினைச்சுக்குவோம்.

வயிறு ஸ்கேன் எடுங்க. ஆறு மணி நேரம் சாப்பிடாம போங்க, சாப்பிட்டா பை சுருங்கிக்கும், கல் இருந்தாலும் சரியாத் தெரியாது. கூடவே ஈரல் ரத்தப் பரிசோதனையும். அதுக்கு முன்னாடி ஒரு டாக்டர் கை வெச்சுப் பார்க்கணும். வலது விலாவுக்குக் கீழ விரலை அழுத்தி வெச்சுக்கிட்டு "மூச்சை நல்லா இழும்மா"ன்னு சொல்வாங்க. பித்தப்பை அழற்சி இருந்தா பாதி மூச்சுலயே நின்னுடுவாங்க. அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சிடும். மூணு ஊசி போட்டவங்க யாராவது வயித்துல கை வெச்சாங்களா?

தறிக்காரன்மகன் · ஜூன் 4, இரவு 10:25

இல்லீங்க சிஸ்டர். டோக்கன் போட்டு உள்ள போனா ரெண்டு நிமிசம்.

கணக்குவாத்தி · ஜூன் 5, காலை 5:50

பணி ஓய்வு பெற்ற ஆசிரியன், பாளையங்கோட்டை. இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் தமையனாருக்கு அப்போது 61 வயது, இருபது ஆண்டுச் சர்க்கரை. ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு மேல்வயிற்றில் அழுத்தம், உப்புசம், ஒரே ஏப்பம். "இட்லிப்பொடியில் எண்ணெய் அதிகம்" என்றார். மதினி சோடா வாங்கிவரச் சொல்லி என்னை எழுப்பினாள். நான் போனபோது மனிதர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார், பனியன் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் அளவுக்கு வேர்வை. நெஞ்சுவலி என்ற சொல்லையே அவர் சொல்லவில்லை. 108ஐ அழைத்தோம். மருத்துவமனையில் எடுத்த முதல் ஈசிஜியில் ஒன்றும் இல்லை என்றார்கள். நல்லவேளை, பணியிலிருந்த அந்தப் பெண் மருத்துவர் அரை மணி கழித்து மறுபடி எடுத்தார். மாரடைப்பு.

இப்போது 70 வயதில் தினமும் என்னோடு நடைப்பயிற்சிக்கு வருகிறார். சோடா மட்டும் குடிப்பதில்லை.

நைட்டூட்டி · ஜூன் 5, காலை 8:20

பொது அறுவை சிகிச்சையில் பட்டமேற்படிப்பு இரண்டாம் வருஷம். ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. இதயத்தோட அடிப்பக்கம், நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற உதரவிதானத்து மேலதான் உக்காந்திருக்கு. அந்தப் பகுதியில அடைப்பு வந்தா மேல்வயிறு வலியாத் தெரியும், வாந்திகூட வரும். சர்க்கரைக்காரங்க, பெண்கள், வயசானவங்களுக்கு இப்படி வர்றது சகஜம். எங்க கேஷுவாலிட்டில நாற்பதைத் தாண்டின யார் "கேஸ்"னு வந்தாலும் முதல்ல ஈசிஜி, அப்புறம்தான் பேச்சு. வேர்வை, மூச்சிரைப்பு, தாடை அல்லது இடது கை வலி, நடந்தா கூடுற வலி இதுல ஒண்ணு சேர்ந்தாலும் சோடா, இஞ்சி, எதுக்கும் நேரம் செலவழிக்காதீங்க.

தறிக்காரன்மகன் அம்மா கதைக்கு சிஸ்டர் சொன்ன வழிதான் என் ஓட்டும். பித்தப்பை வலிக்குப் பாடப்புத்தகத்துல "கோலிக்"னு பேர், கோலிக்னா விட்டு விட்டு வர்ற வலி, ஆனா இது அப்படி ஏறி இறங்காது. அரை மணியிலிருந்து சில மணி நேரம் வரை ஒரே பிடியா நிக்கும். அஞ்சாறு மணி நேரம் தாண்டியும் விடலைன்னா, காய்ச்சலும் சேர்ந்துட்டா, அது வேற கட்டம். உடனே அட்மிஷன்.

சித்திரைமழை · ஜூன் 5, மாலை 4:10

உப்புசம் பத்தி நானும் ஒண்ணு சொல்லணும்.

என் சித்தி, 58 வயசு, பெரம்பூர். ஆறு மாசமா "வயிறு உப்பிக்கிட்டே இருக்குடி, ரெண்டு இட்லி சாப்பிட்டாலே நெறஞ்சு போகுது"ன்னு சொல்லிட்டிருந்தாங்க. எல்லாரும் கேஸ்னாங்க. ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அவங்களுக்கு நான்தான் புடவை கட்டிவிட்டேன். ஜாக்கெட் கை ரெண்டு பக்கமும் தொளதொளன்னு தொங்குது. பாவாடை நாடா மட்டும் பழைய முடிச்சுக்கு எட்டல, வெளுத்துப்போன பழைய மடிப்புக்கும் புது முடிச்சுக்கும் நாலு விரல் தூரம். கை கால் இளைச்சு வயிறு மட்டும் எப்படி ஏறும்? அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல.

ஸ்கேன்ல வயித்துக்குள்ள நீர், சினைப்பையில கட்டி. கேன்சர். ஆறு மாசம் முன்னாடி ஒரு ஸ்கேன் எடுத்திருந்தா... விடுங்க. மாதவிடாய் நின்ன பிறகு புதுசா உப்புசம்னு ஒரு பொண்ணு சொன்னா, சீரகத்தண்ணி குடுக்காதீங்க, ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போங்க.

நைட்டூட்டி · ஜூன் 5, இரவு 11:45

சித்திரைமழை, உங்க அந்த நாடா முடிச்சை நாளைக்கு என் ஜூனியர்களுக்குச் சொல்லப்போறேன்.

வயிறு பெருசாச்சுன்னா ஆறு காரணம் நினைக்கணும்னு எங்களுக்குப் பாடம்: கொழுப்பு, காற்று, நீர், மலம், கரு, கட்டி. ஆங்கிலத்துல ஆறுமே எஃப் எழுத்துல வர்ற மாதிரி வெச்சிருக்காங்க, பரீட்சைக்கு மனப்பாடம் பண்ண. வீட்லயே பிரிச்சுப் பார்க்கிற ஒரே விஷயம், நேரம். காலையில தட்டையா இருந்து பொழுது சாய உப்பி, காத்து பிரிஞ்சா இறங்கினா அது பெரும்பாலும் காற்று. பால் குடிச்சா வருதுன்னா பால் சர்க்கரை ஒத்துக்கலையான்னு பார்க்கணும். வார வாரம் ஏறிக்கிட்டே போய், படுத்தா ரெண்டு விலாப்பக்கமும் பிதுங்கி வழிஞ்சா அது நீரா இருக்கலாம். ஈரல் சுருக்கம், கேன்சர், வயித்து டிபி, இதய பலவீனம், எல்லாத்துலயும் நீர் கோக்கும். டிபின்னா நுரையீரல் மட்டும்னு நினைக்கிறவங்க இன்னும் நெறைய. இடது விலாவுக்குக் கீழ கனமா, சாப்பிட்டதும் நிறைஞ்ச மாதிரி இருந்தா மண்ணீரல் வீங்கியிருக்கான்னு பார்ப்போம்.

கர்ப்பமா இருக்கிறவங்க யாராவது படிச்சா இது மட்டும் உங்களுக்கு: அஞ்சு மாசத்துக்கு மேல மேல்வயித்துல வலி, கூடவே தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம் இருந்தா பிரசர் பார்க்காம அந்த ராத்திரியைக் கழிக்காதீங்க.

பனங்கூடல் · ஜூன் 6, காலை 6:30

யாழ்ப்பாணத்திலை இருந்து எழுதுறன். எங்கடை பக்கத்துக் கதை ஒண்டு.

என்ரை மாமா ஒவ்வொரு நாளும் பின்னேரம் கள்ளுக் குடிக்கிறவர். ஒருக்கா ரெண்டு கிழமையாய் காய்ச்சல், வலப்பக்க விலாவுக்குக் கீழை நோகுது எண்டு சொன்னவர். இருமினால் நோ, வலப்பக்கம் சரிஞ்சு படுக்கேலாது, வலத்தோளும் உளையுது. அந்தப் பக்கம் கொஞ்சம் பொம்மிக்கொண்டு நிண்டது. மாமி வாய்வு எண்டு உள்ளி சுட்டுக் குடுத்தவ. பிறகு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஸ்கான் பண்ணினால் ஈரலுக்குள்ளை சீழ்க்கட்டி. அமீபாக் கிருமியாம். ஊசி போட்டு இழுக்கேக்கை நான் பக்கத்திலை நிண்டனான். மஞ்சளாய் வரும் எண்டு பார்த்தால் சொக்கிலேட் கரைச்ச மாதிரி மண்ணிறத்திலை வந்தது. மெட்ரோனிடசோல் குடுத்து ஆளைத் தேத்தி அனுப்பினவை.

இஞ்சை கள்ளுக் குடிக்கிற ஆம்பிளையளுக்கு இது நல்லாய் வாற வருத்தம். காய்ச்சலோடை வாற மேல்வயித்து நோவை வாய்வு எண்டு விடாதேங்கோ. எங்களுக்கு அம்புலன்சுக்கு 1990.

தறிக்காரன்மகன் · ஜூன் 9, இரவு 8:15

அப்டேட்டுங்க. ஈரோட்டுல ஒரு வயித்து டாக்டரைப் பார்த்தோம். எண்டோஸ்கோபி எடுத்தாரு. தொண்டையில ஒரு ஸ்பிரே அடிச்சு, அஞ்சு நிமிசத்துல முடிச்சுட்டாங்க. அம்மா வாந்தி வர்ற மாதிரி ரெண்டு தடவை ஓங்கரிச்சாங்க, அவ்வளவுதான். ரிப்போர்ட்ல "கேஸ்ட்ரைட்டிஸ், லேசான சிவப்பு"ன்னு இருக்குது. கிருமி டெஸ்ட் நெகட்டிவ். அல்சர் இல்லை, கேன்சர் இல்லைன்னுட்டாரு. அப்பாடான்னு இருக்குதுங்க. அப்ப கேஸ்தான் போல.

வைகைக்கரை · ஜூன் 9, இரவு 8:30

நான் அன்னைக்கே சொன்னேன்ல!

வார்டுபத்து · ஜூன் 9, இரவு 9:05

தம்பி, ஸ்கேன் எங்க?

எண்டோஸ்கோபி குழாய் உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல் ஆரம்பம் வரைக்கும்தான் பார்க்கும். பித்தப்பை வெளியில இருக்கு, அதுக்குத் தெரியாது. "லேசான சிவப்பு"ன்னு எழுதாத எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டை நான் அதிகம் பார்த்ததில்ல. அம்மா வலிக்கு அதுதான் காரணம்னு அந்த வரி சொல்லல.

மாத்திரைப்பட்டை · ஜூன் 9, இரவு 9:40

கூட ஒண்ணு. பான் 40 நிறுத்தி ரெண்டு வாரம் ஆன பிறகுதான் அந்தக் கிருமி டெஸ்டை நம்பலாம். மாத்திரை போட்டுக்கிட்டே எடுத்தா கிருமி இருந்தும் நெகட்டிவ் காட்டலாம். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தா நாலு வாரம். இதைச் சொல்லித்தான் அனுப்பணும், பாதி இடத்துல சொல்றதில்ல.

பேர்வேண்டாம் · ஜூன் 10, நள்ளிரவு 12:55

மன்னிக்கணும், நடுவுல வர்றேன். எனக்கு 38. தினமும் ஒரு குவார்ட்டர், லீவு நாள்ல கணக்கு இல்ல. நேத்து ராத்திரியில இருந்து மேல்வயித்துல வலி, நேரா முதுகுக்குத் துளைச்சுக்கிட்டுப் போகுது. படுக்கவே முடியல. தலகாணியைக் கட்டிப்பிடிச்சு முன்னாடி குனிஞ்சு உக்காந்தா கொஞ்சம் தேவலை. வயிறு உப்பியிருக்கு. அஞ்சு தடவை வாந்தி, தண்ணிகூட நிக்கல. காலையில போகலாமா?

நைட்டூட்டி · ஜூன் 10, நள்ளிரவு 1:02

இப்பவே கிளம்புங்க. தனியா வண்டி ஓட்டாதீங்க. கணைய அழற்சியா இருக்கலாம், இது வீட்ல தாங்கிப் பார்க்கிற வலி இல்ல. போனதும் எவ்வளவு குடிப்பீங்கன்னு உள்ளதைச் சொல்லுங்க, யாரும் திட்ட மாட்டாங்க. லைப்பேஸ்னு ஒரு ரத்தப் பரிசோதனை எடுப்பாங்க. போய்ச் சேர்ந்ததும் இங்க ஒரு வார்த்தை எழுதுங்க.

பேர்வேண்டாம் · ஜூன் 10, காலை 11:20

அட்மிட் பண்ணிட்டாங்க. கணையம்தான். ட்ரிப்ஸ் ஏறுது. வாய் வழியா ஒண்ணும் குடுக்கல. மனைவிகிட்ட போனைக் குடுத்துட்டுத் தூங்கப்போறேன். நன்றி டாக்டர்.

தறிக்காரன்மகன் · ஜூன் 14, மாலை 6:00

சிஸ்டர் விடாம கேட்டதால ஸ்கேன் எடுத்தோமுங்க. பித்தப்பையில நெறையக் கல்லு. பெருசு 9 மில்லிமீட்டர், மத்ததெல்லாம் பொடி. ஈரல்ல லேசாக் கொழுப்பு. சர்ஜன் பார்த்துட்டு "இத்தனை தடவை வலி வந்திருக்குது, பையை எடுத்தர்றதுதான் நல்லது"ன்னுட்டாரு. சின்னச் சின்ன ஓட்டை போட்டு லேப்ராஸ்கோபியாம். அம்மா "கல்லை மட்டும் எடுத்துட்டுப் பையை விட்டுருங்க"ங்கறாங்க. பெரியம்மா ஆபரேசனே வேண்டாங்கறாங்க. வீட்ல ரெண்டு கட்சி.

வைகைக்கரை · ஜூன் 14, மாலை 6:40

ஆபரேசன் வேண்டாம்ணே. ஆப்பிள் ஜூஸ் அஞ்சு நாள், ஆறாம் நாள் ராத்திரி பேதி உப்பு, அப்புறம் அரை டம்ளர் ஆலிவ் ஆயில்ல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடிச்சுட்டு வலப்பக்கமாப் படுக்கணும். காலையில பச்சை பச்சையா கல்லு மலத்தோட வரும். என் ஃப்ரெண்டு ஒருத்தன் போட்டோவே எடுத்து அனுப்பிச்சான், நாற்பது கல்லு!

மாத்திரைப்பட்டை · ஜூன் 14, இரவு 7:30

வைகைக்கரை, உங்க நல்ல மனசு மேல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா அந்தப் பச்சைக் கல்லை வெயில்ல வெச்சுப் பாருங்க, உருகிடும். பித்தக்கல் உருகாது. குடிச்ச எண்ணெயும் எலுமிச்சையும் குடல்ல இருக்கிற சாறுகளும் சேர்ந்து உண்டான சோப்புக் கட்டி அது. எண்ணெய் குடிக்காத ஆளுக்கு அந்தக் கல் வராது. உங்க ஃப்ரெண்டு மறுபடி ஸ்கேன் எடுத்தாரா? கேட்டுச் சொல்லுங்க.

நிஜமாவே ஆபத்தும் உண்டு. அரை டம்ளர் எண்ணெய் உள்ள போனா பை முழு வேகத்துல சுருங்கும். பொடிக்கல் ஒண்ணு, பித்தநீர் குடலுக்குப் போற பொதுக் குழாய்ல போய் உக்காந்தா அன்னைக்கு ராத்திரியே கேஷுவாலிட்டி.

கரைக்கிற மாத்திரை ஒண்ணு உண்டு, அர்சோடியாக்சிகோலிக் ஆசிட். கொழுப்பால ஆன சின்னக் கல்லுக்கு மட்டும், மாசக்கணக்குல, நிறுத்தினா பலருக்குத் திரும்ப வரும். என் கடையில விக்கிறதுதான், இருந்தும் சொல்றேன்.

வார்டுபத்து · ஜூன் 14, இரவு 8:20

அம்மாகிட்ட இப்படிச் சொல்லுங்க: பித்தநீரை உண்டாக்கறது ஈரல், பை வெறும் தொட்டி. தொட்டியை எடுத்தாலும் ஊத்து நிக்காது, நேரா குடலுக்குப் போகும். கல்லை மட்டும் எடுத்தா அதே பை மறுபடி கல்லு போடும். வலியே இல்லாம தற்செயலா ஸ்கேன்ல கல் தெரிஞ்சவங்களுக்குப் பெரும்பாலும் ஒண்ணும் பண்ண வேண்டாம். அம்மாவுக்கு அப்படி இல்ல.

முருங்கைக்காய் · ஜூன் 19, காலை 9:10

சின்ன சந்தேகம். என் பையனுக்கு 9 வயசு, நாலு நாள் காய்ச்சல், நேத்து விட்டுருச்சு. இன்னைக்கு வயிறு வலிக்குதுங்கிறான், மூணு தடவை வாந்தி, சோர்ந்து படுத்தே கெடக்கான். காய்ச்சல் மாத்திரையால வந்த கேஸா?

நைட்டூட்டி · ஜூன் 19, காலை 9:25

இல்ல. காய்ச்சல் விட்ட நேரத்துல வயிறு வலியும் விடாத வாந்தியும் சோர்வும் டெங்குவோட எச்சரிக்கை அறிகுறிகள். ஈரல் வீங்கும், வயித்துல நீர் கசியும். தட்டணு எண்ணிக்கையோட, ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்குன்னு காட்டுற ஹீமட்டோக்ரிட்டும் பார்க்கணும். ஸ்கூலுக்கு லீவு சொல்லிட்டு இப்பவே ஆஸ்பத்திரி. வலிக்கு ஐபுப்ரோஃபென் குடுத்துடாதீங்க.

தறிக்காரன்மகன் · ஜூன் 27, இரவு 10:30

சிஸ்டர், டாக்டர், யாராச்சும் இருக்கீங்களா? நான் சேலம் போயிருந்த நேரத்துல பெரியம்மா அம்மாவைக் கூட்டிட்டுப் போய்ட்டாங்க. ரெண்டு நாளா கண்ணு மஞ்சளா இருந்துச்சாம். "காமாலைக்கு இங்கிலீஷ் மருந்தே கெடையாது"ன்னு சொல்லி, ஊர்ல ஒருத்தர்கிட்ட மூணு நாளு கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சிருக்காங்க. கையில ஏதோ தடவி, சுண்ணாம்புத் தண்ணியில கழுவி, தட்டுல மஞ்சளா எறங்குதுன்னு காட்டினாராம். அம்மாவுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. மூத்திரம் டீத்தண்ணி மாதிரி. இன்னைக்குப் பொழுதோட இருந்து குளிர்நடுக்கம், ரெண்டு போர்வை போத்தியும் பல்லு கிட்டுது.

நைட்டூட்டி · ஜூன் 27, இரவு 10:34

108. உடனே. வலி, மஞ்சள், குளிர்க்காய்ச்சல் மூணும் சேர்ந்துட்டா பித்தக்குழாய் அடைபட்டு உள்ள கிருமி பெருகியிருக்குன்னு அர்த்தம். ரத்தத்துல பரவ நேரம் ஆகாது. பெரிய ஆஸ்பத்திரிக்கே போங்க, ஈஆர்சிபி (வாய் வழியா குழாய் விட்டு பித்தக்குழாய் அடைப்பை எடுக்கிறது) வசதி இருக்கான்னு கேளுங்க. ஸ்கேன் ரிப்போர்ட், மாத்திரை அட்டை எல்லாத்தையும் கையில எடுத்துக்கோங்க. பெரியம்மாகிட்ட சண்டை நாளைக்குப் போடலாம்.

கணக்குவாத்தி · ஜூன் 28, காலை 5:30

தம்பி, அம்மா எப்படி இருக்கிறார்கள்?

வார்டுபத்து · ஜூன் 28, மாலை 3:15

ட்யூட்டி முடிஞ்சு பார்க்கிறேன், இன்னும் பதில் இல்ல. தம்பி, ஒரு வரி போதும்.

தறிக்காரன்மகன் · ஜூலை 2, மதியம் 1:20

மன்னிச்சுக்குங்க எல்லாரும். இப்பத்தான் உக்காந்து எழுத முடிஞ்சுது.

அன்னைக்கு ராத்திரியே அரசு மருத்துவமனையில சேர்த்தோமுங்க. பிரசர் கொறைஞ்சு போச்சு, ஐசியூல வெச்சு ஆன்டிபயாட்டிக் ஏத்தினாங்க. மறுநாள் ஈஆர்சிபி. வாய் வழியா குழாய் விட்டு, பித்தக்குழாய் குடல்ல தொறக்கற எடத்துல லேசா வெட்டி விட்டு, பலூன் போட்டு இழுத்தாங்களாம். அரிசி அளவு கல்லு ரெண்டு. அந்தப் பொடிக்கல்லுல ரெண்டுதான் எறங்கி குழாயை அடைச்சிருந்துச்சு. நேத்து மூத்திரம் வெள்ளையாப் போச்சு. அரிப்பு நின்னு போச்சு. வர்ற வாரம் பையை எடுக்கறாங்க, காப்பீட்டு அட்டையில.

பெரியம்மா மூணு நாளா வராண்டாவுல பாய் விரிச்சுப் படுத்திருக்காங்க. நான் ஒண்ணும் கேக்கல. அவங்களும் ஒண்ணும் சொல்லல. காலையில அம்மாவுக்குத் தலை வாரி விட்டாங்க.

மாத்திரைப்பட்டை · ஜூலை 2, மதியம் 2:00

நல்ல செய்தி தம்பி. கீழாநெல்லியைக் குறை சொல்ல நான் வரல. ஆனா வைரஸ் காமாலை பல பேருக்கு மருந்து இல்லாமலே தானா இறங்கும், அந்தப் பேரை கீழாநெல்லி எடுத்துக்குது. குழாய்ல கல்லு நிக்கும்போது எந்த இலையும் அதைத் தள்ளாது. மஞ்சள்னு பார்த்தா முதல்ல இது எந்தக் காமாலைன்னு ரத்தமும் ஸ்கேனும் சொல்லட்டும்.

வைகைக்கரை · ஜூலை 2, மாலை 5:45

தறிக்காரன்மகன் அண்ணே, மனசு கேக்கல. நான் சொன்னதைக் கேட்டு நீங்க எண்ணெய் குடுத்திருந்தா என்னாயிருக்கும்னு நெனச்சா கை நடுங்குது. அம்மாவை விசாரிச்சதாச் சொல்லுங்க.

அந்த ஃப்ரெண்டுகிட்டயும் கேட்டேன். மறுபடி ஸ்கேன் எடுக்கலையாம். இப்ப எடுக்கச் சொல்லியிருக்கேன். எனக்கும் ரொம்ப நாளா இடது பக்கம் ஒரு கனம் உண்டு, யார்கிட்டயும் சொன்னதில்ல. நாளைக்கு நானும் கூடப் போறேன்.

பேர்வேண்டாம் · ஜூலை 5, இரவு 9:00

டிஸ்சார்ஜ் ஆகி ரெண்டு வாரம் ஆச்சு. இருபத்தஞ்சு நாளா தொடல. எழுதி வைக்கணும்னு தோணுச்சு.

தறிக்காரன்மகன் · ஜூலை 24, இரவு 8:40

ஆபரேசன் முடிஞ்சு ரெண்டு வாரமாச்சுங்க. நாலு சின்னத் தழும்பு, தொப்புள்ல ஒண்ணு. மூணாம் நாள் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. முட்டிவலிக்கு இப்ப பாராசிட்டமால் மட்டும், அதுவும் எழுதிக் குடுத்தபடி.

கல்லையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல போட்டுக் குடுத்தாங்க. முப்பத்தேழு. கரும்பச்சையா, மூலை மூலையா, ஒண்ணோட ஒண்ணு ஒரசி வழவழன்னு இருக்குது. அம்மா அதை டிவி மேல வெச்சிருக்காங்க. பாக்க வர்றவங்களுக்கெல்லாம் குலுக்கிக் காட்டறாங்க, "இதைத்தான் கேஸுன்னு சொன்னாங்க"ன்னு. நேத்து அந்த கிளினிக் கம்பவுண்டர் வந்திருந்தாரு, அவருக்கும் காட்டினாங்க.

சிஸ்டர், ஒரு கேள்வி. எண்ணெய்ப் பலகாரம் எப்ப இருந்து சாப்பிடலாம்? ஆடி பதினெட்டு வருது, கேக்கறாங்க.

வார்டுபத்து · ஜூலை 24, இரவு 9:10

கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிக்கலாம். ஒரு நாளைக்கு ஒண்ணு, ரெண்டு. திடீர்னு நெறைய எண்ணெய் உள்ள போனா சிலருக்கு வயித்தால போகும், கொஞ்ச நாள்ல சரியாகிடும்.

தறிக்காரன்மகன் · ஜூலை 24, இரவு 9:14

பொழுதோட நாலு பஜ்ஜி சாப்பிட்டுட்டுத்தான் என்னைக் கேக்கச் சொன்னாங்கங்க. இப்ப மூணாவது தடவை போயிருக்காங்க.